பால்குடி குட்டிகளுக்கு ப்ரோபயாடிக் குடுத்தும் கழிச்சல் நிக்கலை, என்ன பண்ணலாம்?

தழைக்கட்டு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பட்டியில நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் வரைக்கும் வயசுள்ள வெள்ளாட்டுக் குட்டிங்க ஒரு கூட்டமா இருக்கு. பாதி தாய்கிட்டயே குடிக்குது, மூணு குட்டி போட்ட ஆட்டோட குட்டிங்களுக்கும் மடியில பால் பத்தாத ஆட்டோட குட்டிங்களுக்கும் மட்டும் பாட்டில் பால். கொஞ்ச நாளா புழுக்கையா போடாம குழகுழன்னு போகுதுங்க, சிலதுக்கு வாலுக்கு அடியிலயும் பின்னங்கால்லயும் அப்பி காஞ்சு கெடக்கு, துடைச்சு விட்டா மறுநாள் மறுபடி அதே கதை. ரெண்டு குட்டி மட்டும் சாணி போடும்போது முதுகை வளைச்சு முக்குது, சளி கலந்து வருது. காய்ச்சல் இல்ல, பாலும் குடிக்குது, ஆனா முன்ன மாதிரி துள்ளல் இல்ல, முடி சிலிர்த்துக்கிட்டு ஓரமா நிக்குது.

ப்ரோபயாடிக் பவுடர், அதாவது குடலுக்கு நல்லது செய்யற உயிருள்ள கிருமிங்க கலந்தது, ஒண்ணு வாங்கி குடுத்துட்டு வரேன். டப்பாவுல லாக்டோபேசில்லஸ், ஈஸ்ட்னு போட்டிருக்கு. பால் காய்ச்சி நல்லா சூடா இருக்கும்போது போட்டா கட்டி இல்லாம கரையுது, அதனால அப்பவே கலந்துட்டு அப்புறமா ஆறவச்சு பாட்டில்ல ஊத்தறேன். தாய்கிட்ட குடிக்கிறதுங்களுக்கு அடர்தீவனத்து மேல தூவி விடறேன். பெருசா மாற்றம் தெரியல. ஒருத்தர் டோஸை ரெண்டு மடங்காக்குங்கறாரு, இன்னொருத்தர் அதெல்லாம் தண்டம், வாய் வழியா ஆன்டிபயாடிக் ஊத்துங்கறாரு. எதைக் கேக்கறதுன்னு புரியல. எந்த வகை ப்ரோபயாடிக் குட்டிங்களுக்கு ஒத்து வரும், எத்தனை நாள் குடுக்கணும், ஆன்டிபயாடிக்கோட சேர்த்துக் குடுக்கலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பட்டிவாசல்:

தம்பி, பவுடரை கொஞ்சம் ஓரமா வைங்க, மொதல்ல வயசைப் பாருங்க. குட்டி கழியுதுன்னா எந்த வயசுல கழியுதுங்கறதுலயே பாதி பதில் இருக்கு. பிறந்த மொத நாலஞ்சு நாளுக்குள்ளன்னா ஈ கோலைங்கற பாக்டீரியா மேல சந்தேகம் வரும், அஞ்சாவது நாள்ல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் கிரிப்டோஸ்போரிடியம்ங்கற ஒட்டுண்ணி, ரோட்டா வைரஸ் இதெல்லாம் வரும். மூணு நாலு வாரம் தாண்டி, அதுவும் முக்கிட்டு சளியோட போகுது, முடி சிலிர்த்திருக்குன்னு நீங்க சொல்றதைப் பாத்தா எனக்கு மனசுல வர்ற மொத பேரு காக்சிடியா, குடல்ல வாழற ஒட்டுண்ணி, அதால வர்றதைத் தான் ரத்தக் கழிச்சல்ங்கறோம். பேர்ல ரத்தம் இருக்குன்னு ரத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, வெள்ளாட்டுக் குட்டியில பல சமயம் ரத்தமே தெரியாது, வெறும் குழகுழப்பா தான் போகும், அதுக்குள்ள குடல் உள்ளுக்குள்ள புண்ணாகிப் போயிருக்கும்.

அதனால இன்னைக்கே சாணி எடுங்க. தரையில கெடக்கறதை அள்ளாதீங்க, குட்டி போடும்போதே பிடிங்க, இல்லன்னா கையுறை போட்டு ஆசனவாயில இருந்தே எடுங்க. முக்கற ரெண்டு குட்டியோடது தனித்தனியா, நல்லா இருக்கற ஒரு குட்டியோடதும் ஒண்ணு. எதுக்கு நல்ல குட்டியோடதுன்னா, காக்சிடியா முட்டை கொஞ்சம் எல்லாக் குட்டியிலயும் இருக்கத்தான் செய்யும், ஒப்பிட்டுப் பாத்தா தான் எது நோய், எது சும்மா இருக்கறதுன்னு டாக்டருக்கு விளங்கும். இன்னொண்ணு, கழிச்சல் ஆரம்பிச்ச புதுசுல சாணியில முட்டையே தெரியாம போறதும் உண்டு, ஏன்னா முட்டை வெளிய வர்றதுக்கு முன்னாடியே அது குடல்ல வேலையைக் காட்டிடும். ஒரு தடவை இல்லன்னு வந்தா அதோட விட்டுடாதீங்க.

டோஸ் ரெண்டு மடங்கு பண்ற யோசனை வேண்டாம். பவுடரால கெடுதல் வந்துடும்னு சொல்லல, அதை நம்பி நாள் கடத்துறது தான் கெடுதல்.

நாலாம்வயிறு:

மேல அண்ணன் சொன்னதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. கால்நடை மருத்துவம் படிச்சவன்ங்கற முறையில ப்ரோபயாடிக் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இதுல ரெண்டு பக்கமும் அதிகமா பேசறாங்க, ஒரு பக்கம் சர்வரோக நிவாரணிங்கறாங்க, இன்னொரு பக்கம் சுத்த ஏமாத்துங்கறாங்க.

குட்டி பிறக்கும்போது அதோட பெருவயிறு, அதாவது ரூமன், சின்னதா சுருங்கிக் கெடக்கும், நாலாம் வயிறு தான் பெருசு. மடியில சப்பும்போது உணவுக்குழாய் முடியற எடத்துல ஒரு மடிப்பு மூடிக்கிட்டு பாலை பெருவயித்துக்குள்ள விடாம நேரா நாலாம் வயித்துக்கு அனுப்பிடும். ஆக மொத சில வாரத்துக்கு குட்டி அசை போடற பிராணியே இல்ல, நம்மள மாதிரி ஒத்தை வயித்துப் பிராணி தான். ரெண்டு மூணு வாரத்துல தழையையும் தீவனத்தையும் கொறிக்க ஆரம்பிச்ச பிறகு தான் பெருவயித்துல கிருமிங்க பெருகி, அதுங்க தீவனத்தைப் புளிக்க வைக்கும்போது வர்ற பியூட்டிரிக் அமிலம், புரோப்பியோனிக் அமிலம் ரெண்டும் சேர்ந்து உள்சுவர்ல விரல் விரலா முளைக்க வைக்கும். ஏறத்தாழ எட்டு வாரத்துல தான் அது ஓரளவு முழு வயிறா வேலை செய்யும்.

இதை ஏன் சொல்றேன்னா எந்த ப்ரோபயாடிக் எப்போங்கறது இதை வச்சு தான். லாக்டோபேசில்லஸ், என்டரோகாக்கஸ், பைஃபிடோ இதெல்லாம் பால்குடி வயசுக்கு, வேலை செய்யற எடம் குடல். பஸ்ல முன்னாடியே ஏறி சீட்டைப் பிடிக்கறவங்க மாதிரி குடல் சுவர்ல எடத்தைப் பிடிச்சுக்கும், அமிலத்தைச் சுரந்து ஈ கோலை மாதிரி ஆளுங்களுக்கு எடம் கொடுக்காது. ஈஸ்ட், சாக்கரோமைசஸ் செரிவிசியே, இதோட வேலை பெருவயித்துல. தீவனத்தோட உள்ள போற கொஞ்சநஞ்ச ஆக்சிஜனை அது இழுத்துக்கும், ஆக்சிஜன் ஆகாத நார் செரிக்கற கிருமிங்க அதனால நல்லா வளரும், லாக்டிக் அமிலத்தைத் தின்கற கிருமிங்களுக்கும் அது தோதா இருக்கும், அதனால அடர்தீவனம் கூடும்போது பெருவயிறு ஒரேயடியா புளிச்சுப் போகாம தாங்கும். ஆக பெருவயிறே வளராத பத்து நாள் குட்டிக்கு ஈஸ்ட் மேல பெருசா எதிர்பார்க்க முடியாது, பால் மறக்கற வயசுல தான் அதுக்கு வேலை. பேசில்லஸ் சப்டிலிஸ், லைக்கெனிஃபார்மிஸ் இது மூணாவது வகை, விதை மாதிரி உறைக்குள்ள தூங்கற ஸ்போர், சூட்டைத் தாங்கும், அதனால தான் பெல்லட் தீவனத்துல இதைச் சேர்க்கறாங்க.

இப்ப உங்க பால் விஷயம். சூடான பால்ல போடறீங்களே, அங்கயே லாக்டோபேசில்லஸும் ஈஸ்ட்டும் பெரும்பாலும் செத்துப் போயிடும். பாலை 39 டிகிரி செல்சியஸுக்கு ஆறவச்சு, மணிக்கட்டுல விட்டா சுடாம இதமா இருக்கணும், அப்புறமா கொஞ்சம் பால்ல பவுடரைக் குழைச்சு ஊத்துங்க, கலந்ததை உடனே குடுத்துடுங்க. குளோரின் போட்ட தண்ணியிலயும் கலக்க வேண்டாம். டப்பாவை மூடி ஈரம் படாம குளிர்ச்சியான எடத்துல வைங்க, கொட்டகை ஜன்னல்ல வெயில் படற மாதிரி வச்சா காலாவதி தேதிக்கு முன்னாடியே அது வெறும் மாவு தான். லேபிள்ல கிருமியோட பேரும், ஒரு கிராமுக்கு எத்தனை சி.எஃப்.யூ, அதாவது உயிரோட பெருகக்கூடிய கிருமி எத்தனைங்கறதும் இருக்கணும், கிராமுக்கு நூறு கோடிங்கற கணக்குல பொதுவா போட்டிருப்பாங்க. வெறுமனே 'நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்'னு மட்டும் எழுதியிருந்தா நான் வாங்க மாட்டேன். 2001ல ஐ.நா.வோட உணவு வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓவும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து குடுத்த விளக்கமே, உயிரோட இருக்கணும், போதுமான அளவு போகணும், பலன் தரணும்னு தான், இந்த மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் அது ப்ரோபயாடிக் இல்ல.

ஆன்டிபயாடிக் கேள்விக்கு: காரணம் தெரியாம வாயில ஊத்தாதீங்க. காக்சிடியா பாக்டீரியாவே இல்ல, ஒத்தைச் செல் ஒட்டுண்ணி, சாதாரண ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, ஆனா குடல்ல இருக்கற நல்ல கிருமியை மட்டும் அழிச்சுட்டுப் போயிடும். டாக்டர் பாத்து பாக்டீரியான்னு சொல்லி மருந்து எழுதினா, அந்த டோஸுக்கும் ப்ரோபயாடிக்குக்கும் நடுவுல சில மணி நேரம் விடுங்க, மருந்து முடிஞ்ச பிறகும் ஒரு வாரம் பத்து நாள் தொடருங்க. ஈஸ்ட் பூஞ்சை வகை, அதை பாக்டீரியா மருந்து கொல்லாது.

பாட்டில்குட்டி:

நான் வருஷா வருஷம் பாட்டில் குட்டி வளர்க்கறவ, அதனால பால் பக்கத்துல இருந்து ஒண்ணு கேக்கறேன் தம்பி. பாட்டில் குட்டியும் தாய்கிட்ட குடிக்கறதும் ரெண்டும் கழியுதா, இல்ல பாட்டில் குட்டி மட்டுமா? ரெண்டும்னா அண்ணன் சொன்ன மாதிரி காக்சிடியா பக்கம் போங்க. பாட்டில் குட்டிக்கு மட்டும்னா பவுடர், மருந்து எல்லாத்துக்கும் முன்னாடி பாலைச் சரி பண்ணணும்.

ஒரு வேளை கெட்டியா ஒரு வேளை தண்ணியா கலக்கறது, காலைல சூடா சாயங்காலம் ஆறிப்போனது, ஒரு நாள் நேரத்துக்கு ஒரு நாள் ரெண்டு மணி நேரம் தாமதமா, பசியில இருக்கறதேன்னு ஒரே மூச்சுல நிறைய, இதுல எது நடந்தாலும் கழியும். சின்னக் குட்டிக்கு ஒரு நாளைக்கு உடம்பு எடையில 15ல இருந்து 20 சதவீதம் பால், மூணு நாலு வேளையா பிரிச்சு, நாலு கிலோ குட்டின்னா 600ல இருந்து 800 மில்லி. எடைக்கல் இல்லாம கண்ணால மதிப்பு போடாதீங்க.

குட்டி குடிக்கும்போது கழுத்தைப் பாருங்க. மடியில குடிக்கற மாதிரி கழுத்து நீட்டி மூக்கு லேசா மேல பாக்கணும், வால் படபடன்னு ஆடணும். தொட்டியில ஊத்தி குனிஞ்சு மடக் மடக்குன்னு குடிக்க விட்டாலோ, காம்பு ஓட்டை பெருசாகி பால் கொட்டினாலோ அந்த மடிப்பு சரியா மூடாம பால் பெருவயித்துக்குள்ள போய் அங்கயே அழுகும். அப்படி ஆன குட்டியைப் பாத்தாலே தெரியும், வயிறு மட்டும் பானையா தொங்கும், முதுகெலும்பு தட்டும், சாணி சாம்பல் நிறத்துல ஒட்டும். பாட்டிலையும் காம்பையும் ஒவ்வொரு வேளையும் கழட்டிக் கழுவி காய வைங்க, காம்புக்குள்ள விரலை விட்டா வழுவழுன்னு ஒரு படலம் வரும் பாருங்க, அந்த அழுக்கை வச்சுக்கிட்டு எத்தனை ப்ரோபயாடிக் குடுத்தாலும் வேலைக்காகாது.

தழைக்கட்டு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, ரெண்டு பக்கமும் கழியுது, ஆனா பாட்டில் குட்டிங்களுக்கு தான் அதிகம். சாணி கொண்டு போய்க் குடுத்தேன், முக்கற ரெண்டுலயும் காக்சிடியா முட்டை கணக்கில்லாம இருக்குன்னு ரிசல்ட் வந்துடுச்சு, நல்லா இருக்கற குட்டியில கொஞ்சம் தான். டாக்டர் ஆம்ப்ரோலியம் எழுதிக் குடுத்திருக்காரு, இன்னைக்கு ஆரம்பிச்சாச்சு. இப்ப ப்ரோபயாடிக்கை நிறுத்தணுமா? பாலை நிறுத்திட்டு வெறும் ஓ.ஆர்.எஸ் குடுன்னு ஒருத்தர் சொல்றாரு, அது சரியா? எங்க பக்கத்துல கோழியும் சுத்துது, அதுல இருந்து வந்திருக்குமோன்னும் ஒரு பயம்.

நாலாம்வயிறு:

கோழி மேல பழி வேண்டாம், கோழியோட காக்சிடியா வேற இனம், ஆட்டுக்குத் தொத்தாது. ஆட்டுக்கு ஆட்டோடது தான். ஆனா கோழி தீவனத் தொட்டியில ஏறி எச்சம் போடறதுல சால்மொனெல்லா மாதிரி வேற தொல்லை இருக்கு, அதனால தள்ளியே வைங்க.

ஆம்ப்ரோலியம் டாக்டர் சொன்ன அளவுல, சொன்ன நாள் வரைக்கும் மட்டும். அது வைட்டமின் பி1, தயமினோட உருவத்துலயே இருக்கற மருந்து, காக்சிடியாவை தயமின் இல்லாம பட்டினி போட்டுக் கொல்லுது. அளவு மீறி நாள் கணக்குல குடுத்தா குட்டிக்கே தயமின் பற்றாக்குறை வந்து கண்ணு தெரியாம வானத்தைப் பாத்துக்கிட்டு தலையைப் பின்னால வளைச்சு நிக்கும். அப்படி ஏதாவது கண்ணுல பட்டா ஒரு நிமிஷம் கூட தாமதிக்காம டாக்டரைக் கூப்பிடணும், தயமின் ஊசி சீக்கிரம் போனா காப்பாத்தலாம். இதே காரணத்தால மருந்து நடக்கும்போது தயமின் சேர்ந்த டானிக் எதையும் டாக்டரைக் கேக்காம சேர்க்காதீங்க, மருந்தோட வேலையை அது குறைச்சுடும்.

ப்ரோபயாடிக்கை நிறுத்த வேண்டியதில்ல, காக்சிடியா மருந்து அந்தக் கிருமிங்களைக் கொல்றதில்ல. இப்ப தான் அதுக்கு உண்மையான வேலையே. குடல் சுவர் உரிஞ்சு கெடக்கு, மருந்து ஒட்டுண்ணியை நிறுத்தும், ஆனா சுவர் திரும்ப வளர நாள் ஆகும், அந்த இடைவெளியில கெட்ட பாக்டீரியா வந்து உக்காராம இருக்க இது உதவும். ரெண்டு மூணு வாரம் தொடருங்க, பால் மறக்கற நாள் அதுக்குள்ள வந்தா அதையும் தாண்டி ஒரு வாரம். கழிச்சல் மருந்தோட மறுநாளே நின்னுடும்னு எதிர்பார்க்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா தான் புழுக்கை உருளும்.

பாலை நாள் முழுக்க நிறுத்தினா குட்டி பட்டினியில தான் சாகும், கழிச்சல்ல இல்ல. பால் வேளைக்குப் பால், நடு நடுவுல ஓ.ஆர்.எஸ். ரெண்டையும் ஒண்ணா கலக்காதீங்க, சில எலக்ட்ரோலைட் பவுடர்ல இருக்கற பைகார்பனேட் நாலாம் வயித்துல பால் தயிராகி உறையறதைக் கெடுக்கும், ரெண்டு மணி நேர இடைவெளி விட்டா போதும். பாக்கெட் கையில இல்லாத ராத்திரியில, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்கு தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, விடியற வரைக்கும் ஓட்டலாம்.

கழுத்துத் தோலைப் பிடிச்சு இழுத்து விடுங்க, உடனே படியாம கூடாரமா நின்னா நீர்ச்சத்து கொறைஞ்சிருக்கு. விரலை வாயில விட்டுப் பாருங்க, வாய் சில்லுன்னு இருந்து, சப்பவும் மாட்டேங்குதுன்னா வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், வாயில ஊத்தினா நுரையீரலுக்குள்ள போகும், டிரிப்ஸ் தான் போடணும். தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வைங்க, 38.5ல இருந்து 40 வரைக்கும் இருக்கலாம், அதுக்குக் கீழ போறது காய்ச்சலை விட ஆபத்து.

பட்டிவாசல்:

மருந்து ஆரம்பிச்சது நல்லது தம்பி, ஆனா பட்டியைக் காய வைக்கலன்னா மூணு வாரத்துல மறுபடி இங்க வந்து எழுதுவீங்க. சாணியில வெளிய வர்ற முட்டை உடனே தொத்தாது, ஈரமும் சூடும் கிடைச்சா ரெண்டு மூணு நாள்லயே பழுத்துத் தொத்தற நிலைக்கு வந்துடும், அதுக்கு முன்னாடி அள்ளிடணும். சாதாரண கிருமிநாசினி, பினாயில் எதுவும் அதோட ஓட்டைத் துளைக்காது, அதைக் கொல்றது வெயிலும், ஈரமில்லாம காய வைக்கறதும், கொதிக்கற தண்ணியும் தான். தண்ணித் தொட்டியைச் சுத்தி ஈரமா சொதசொதன்னு இருக்கும் பாருங்க, குட்டிங்க அங்க தான் படுக்கும், அந்த எடத்தை மேடு கட்டுங்க. தீவனத் தொட்டியை குட்டி ஏறி நிக்க முடியாத உயரத்துல, தலை மட்டும் உள்ள போற மாதிரி வைங்க. தாயாடுங்க சாணியிலயும் கொஞ்சம் முட்டை வந்துக்கிட்டே தான் இருக்கும், அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா நெருக்கி அடைச்சா மடியில ஒட்டி குட்டி வாய்க்குள்ள போயிடும். பெரிய குட்டியோட சின்னக் குட்டியைச் சேர்த்து அடைக்கவே அடைக்காதீங்க.

அடுத்த ஈத்துக்கு டெகோக்வினேட் மாதிரி காக்சிடியா தடுப்பு மருந்து தீவனத்துல சேர்க்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அதே வேலைக்கான இன்னொரு மருந்தான மொனென்சின் சொன்னா மட்டும் கவனமா இருங்க, அளவு கூடினா ஆட்டுக்கே ஆபத்து, பக்கத்துல குதிரை இருந்தா அது அந்தத் தீவனத்தைத் தின்னாலே செத்துடும்.

பாட்டில்குட்டி:

நாலாம்வயிறு சார்கிட்ட ஒரு சந்தேகம். பாட்டில் குட்டிங்களைத் தனியா அடைச்சு வளர்த்தா அசை போட லேட்டாகுது, தாயோட இருக்கறதுங்க சீக்கிரமா தழை தின்னுது. பவுடர் குடுத்து இதை ஈடு கட்ட முடியுமா?

நாலாம்வயிறு:

முழுசா முடியாதுங்க. டப்பாவுல நாலஞ்சு வகை தான் இருக்கும், பெரிய ஆட்டோட பெருவயித்துல அதை விட எத்தனையோ மடங்கு வகை இருக்கு, அதுலயும் புரோட்டோசோவாங்கற கூட்டம் பெரிய ஆட்டோட எச்சில் பட்டு தான் குட்டிக்குப் போகும், எந்தப் பவுடர்லயும் வராது. அதனால நோய் இல்லாத, சாணி டெஸ்ட் சுத்தமா வந்த ஒரு ரெண்டு பெரிய ஆட்டைக் கொஞ்ச நேரமாவது பாட்டில் குட்டிங்களோட விடுங்க, ஒரே தழைக்கட்டுல சேர்ந்து கடிக்கட்டும். ரெண்டாவது வாரத்துல இருந்தே ஒரு கை அடர்தீவனமும் மெல்லிசான காஞ்ச புல்லும் முன்னாடி இருக்கணும், மிச்சத்தை தினமும் மாத்தணும். பால் மறக்கடிக்கறது தேதி பாத்து இல்ல, பிறந்த எடையில ரெண்டரை மடங்கு வந்துதா, தீவனம் நிஜமா தின்னுதான்னு பாத்து, அதுவும் ஒரே நாள்ல இல்லாம படிப்படியா. அந்த மாற்றத்துல தான் ஈஸ்ட் குடுத்தது வீண் போகாது.

தழைக்கட்டு தம்பிக்கும் ஒண்ணு, இந்தப் பவுடர் உங்க பட்டியில வேலை செய்யுதான்னு தெரியணும்னா காக்சிடியா அடங்கின பிறகு ஒரே வயசுக் குட்டிங்களை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு மட்டும் குடுத்து, வாரம் ஒரு தடவை ஒரே நேரத்துல, பால் குடுக்கறதுக்கு முன்னாடி எடை போட்டு எழுதி வைங்க. தாய்கிட்ட குடிக்கற ஆரோக்கியமான குட்டியில வித்தியாசம் பெரும்பாலும் சின்னதா தான் இருக்கும், பாட்டில் குட்டியிலயும் சீம்பால் சரியா கிடைக்காத குட்டியிலயும் தான் தெளிவா தெரிய வாய்ப்பு. முக்கற ரெண்டும் நாளைக்கு எப்படி இருக்குன்னு எழுதுங்க, வாய் சில்லிட்டா மட்டும் இங்க எழுதிக்கிட்டு இருக்காம நேரா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க.

தழைக்கட்டு:

சரிங்க சார். தோலை இழுத்துப் பாத்தேன், உடனே படியுது, விரலையும் நல்லா சப்புது. தொட்டிப் பக்கம் மண்ணு கொட்டி மேடு பண்ணிட்டு இருக்கோம், பவுடர் இனிமே ஆறின பால்ல தான்.